மஞ்சள் கோடு

துளசிமணி அக்கா உள்ளே வரவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு வந்து, படிக்கு முன்னால் செருப்போடு நின்றுவிட்டார். பதினொரு மாதங்களுக்கு முன்பு என் மனைவி மேகலாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். இப்போது அவருக்கு வேலை இல்லை. மேகலாவும் இல்லை.

“உள்ள வாங்கக்கா.”

“இல்லீங்க தம்பி. இப்பிடியே சொல்லிட்டுப் போயிர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை அவர் பேசவில்லை. எனக்கும் அவசரம் இல்லை. சத்தமில்லாமல் ஒருவர் எதிரில் நிற்பதை மேகலாவோடு வாழ்ந்த நான்கு வருடங்களில் பழகியிருந்தேன்.

“புதங்கெழம கடைசி விசாரணை” என்றார். “அன்னிக்கு எழுதிட்டாங்கன்னா முடிஞ்சுது. காது கேக்காத புள்ளைய நெருப்புல உட்டுட்டு ஓடியாந்தவன்னு எம்பேர்ல நின்னுரும். எம்மவளுக்கு மாப்ள பாக்கறாங்க, மாப்ள ஊட்டுக்காரங்களும் இதையேதான் கேக்கறாங்க. நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்க வந்தனுங்க. அந்தப் புள்ளயோட கம்ப்யூட்டர் நெசமாவே கெட்டுப் போச்சுங்களா?”

“ஆமாங்க்கா. தீயணைக்கறவங்க அடிச்ச தண்ணி உள்ள போயிருச்சு. ஒண்ணும் எடுக்க முடியல.”

விசாரணையிலும் இதையேதான் சொல்லியிருந்தேன். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

“நான் கூப்பிட்டனுங்க தம்பி. தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். கையப் புடிச்சு இழுத்தேன். அவ சிரிச்சிக்கிட்டே திரையக் காட்டினா. அவரு வர்றாரு, நீங்க போங்கன்னு சொன்னா. நானும் பாத்தேன். திரையில நீங்க இருந்தீங்க. இருன்னு கையக் காட்டுனீங்க. அதை நம்பித்தான் எறங்கினேன்.”

“அந்த நேரத்துல நான் புது ஆபீஸ் ஹால்ல இருந்தேங்க்கா. முப்பது பேரு பாத்தாங்க.”

“அதுதானுங்க எனக்கும் வெளங்கல.” முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். “விசாரணையில அந்த வீடியோவப் போட்டாங்கல்ல. அவ தனியா உக்காந்து வேலை செய்யறா, பக்கத்துல ஒருத்தரும் வரல. அதப் பாத்ததுக்கப்பறம் எனக்கே சந்தேகமாப் போச்சு. நான் நெசமாவே போகாம இருந்திட்டனோ, போனதாக் கெனாக் கண்டனோன்னு.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டைச் சாத்திவிட்டு, கொக்கியையும் கவனமாக மாட்டிவிட்டுப் போனார்.

மேகலாவின் கணினியில் தண்ணீர் போகவில்லை. அதன் ஹார்ட் டிஸ்க்கை நான்தான் கழற்றினேன். பீரோவில், அவள் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்போது எனக்கு. பழைய கட்டடம் மூன்று மாடி. கீழே துணிக் கிடங்கு, நடுவில் அயர்னிங், மேலே ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாராகும் அறை. புது ஆபீஸ் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து நூற்று நாற்பது கணினிகள், எல்லாம் பழையவை. அவற்றை இணைத்த கம்பிகளும் பழையவை.

முதலாளி பாலதண்டபாணிக்கு எல்லா மேசையிலும் எல்லா முகமும் தெரிய வேண்டும் என்று ஆசை. வெளியிலிருந்து வந்தவர்கள் சொன்ன விலையைக் கேட்டு அவர்களுக்கு இளநீர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா குமரேசு, நீயே ஒண்ணு பண்ண முடியாதா?”

“நம்ம லைன் தாங்காதுங்க. நூத்தி நாப்பது வீடியோ போச்சுன்னா பில்லு கூட அடிக்க முடியாது.”

“தாங்கற மாதிரி பண்ணு.”

ஒரு மாதம் கழித்து அவரிடம் போய்ச் சொன்னேன். “ரூம்ல ஒருத்தர் உக்காந்திருக்காருன்னு வைங்க. செவுரு மாறாது, மேசை மாறாது. அதை எதுக்குத் திருப்பித் திருப்பி அனுப்பணும்? மாறுறதை மட்டும் அனுப்பலாம்.”

“செரி.”

“மனுசனும் பெருசா மாற மாட்டாருங்க. பத்து நாள் பாத்தாப் போதும். எப்பத் தலை நிமிருவாரு, எதைக் கேட்டா எப்பிடிக் கையாட்டுவாருன்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சதை எதிர்ல இருக்கற கம்ப்யூட்டரே வரைஞ்சுக்கும். அதுக்கு அர்த்தமெல்லாம் புரியாது. எதுக்கு அப்பறம் எது வரும்னு மட்டும் தெரியும். அது எதிர்பாக்காத ஒண்ணை நாம செஞ்சா, அப்ப மட்டும் நெசப் படம் லைன்ல போகும்.”

அவர் சிரித்தார். “எங்கூட்டுக்காரி இருவது வருசமா இதைத்தான் பண்றா. நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தியே பதில் சொல்லிருவா. அவளுக்கு எந்த லைனும் வேண்டாம்.”

மேகலாதான் அதற்கு ‘ஜன்னல்’ என்று பெயர் வைத்தாள். பிறவியிலேயே காது கேட்காதவள். குரல் உண்டு. ஆனால் அதை வெளியே விடமாட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ சிரித்தார்களாம், அதோடு நிறுத்திவிட்டாள். எங்கள் பேச்செல்லாம் கையில்தான். அவள் இருந்த அறையில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டு டிசைன்கள் வெளியே போகக்கூடாதென்று வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆகவே ஜன்னல் எங்களுக்கு எல்லாமுமாகியது. என் திரையின் மூலையில் நாள் முழுதும் அவள். அவள் திரையின் மூலையில் நான்.

மென்பொருள் தானாக வரையும்போது படத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று வரும்படி செய்திருந்தேன். இது இப்போது அவள் அல்ல, என் ஊகம் என்று கணினி ஒப்புக்கொள்ளும் கோடு. வழக்கமாக அரை நொடி, ஒரு நொடி தோன்றி மறையும். இணைப்பு அறுந்தால் இரண்டு நொடி வரைந்து பார்த்துவிட்டுப் படம் நின்றுவிடும்.

பழைய கட்டடத்தில் வாரத்துக்கு ஒருமுறை சைரன் அடிக்கும். நடுமாடியில் அயர்ன் பாக்ஸிலிருந்து எழும் நீராவியைப் புகை என்று அங்கே மாட்டியிருந்த கருவி எடுத்துக்கொள்ளும். விதிப்படி எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி, வெயிலில் வரிசையாக நின்று, திரும்ப ஏற வேண்டும். மேகலாவைத் தொட்டுக் கூப்பிட வேண்டியவர் என்று துளசிமணி அக்காவின் பெயரைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் அக்கா அவளைக் கையோடு அழைத்துப் போனார். பிறகு அது குறைந்தது. காரணம் நான்தான்.

சைரன் எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்கும். வாட்ச்மேனுக்கு இன்டர்காமில் அடிப்பேன். “நீராவிதானுங்க சார்” என்பார். அறையின் சிவப்பு விளக்கு சுழல்வதைப் பார்த்து மேகலா என் பக்கம் திரும்புவாள். நான் உள்ளங்கையைக் கீழே அமர்த்தி, விரலை நெஞ்சுக்கு இழுப்பேன். இரு, வர்றேன். அவள் கட்டைவிரலை உயர்த்திவிட்டு வேலையைத் தொடர்வாள். மூச்சிரைக்க ஏறி வருகிறவர்கள் அவளைக் கிண்டல் செய்வார்களாம்.

“மகராசிக்கு மட்டும் ஏறி எறங்கற வேலையில்ல. ஊட்டுக்காரரு பொட்டிக்குள்ள உக்காந்து காவல் காக்கறாரு.”

அதை மாலையில் வண்டியில் வரும்போது, என் முதுகைத் தட்டி நிறுத்தச் சொல்லி, சாலையோரம் நின்று கையால் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

சைரன் இல்லாத நாளிலும் நான் அதிகம் சொன்னது அதையேதான். ஐந்து மணிக்கு அவள் மணிக்கட்டைத் தட்டி, கையை விரிப்பாள். எப்ப வர்ற? இரு, வர்றேன். ஐந்தரைக்குக் கேட்பாள். இரு, வர்றேன். ஆறு மணிக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். வேலை முடியாமல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் உயர்த்துவேன். பத்து நாள் பார்த்தால் போதும் என்று முதலாளியிடம் சொன்னேன். என்னைப் புரிந்துகொள்ள மென்பொருளுக்கு அவ்வளவுகூடத் தேவைப்பட்டிருக்காது.

ஜன்னலை மற்றக் கம்பெனிகளுக்கும் விற்கலாம் என்று முதலாளிக்குத் தோன்றியது. ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை என் மேசைக்கு வந்து நின்றார்.

“அந்த மஞ்சக் கோடு எதுக்குப்பா?”

“அது நெசப் படமில்ல, கம்ப்யூட்டர் வரையறதுன்னு தெரியணுமில்லீங்க.”

“தெரிஞ்சு? வாங்க வர்றவனுக்குச் சந்தேகம் வர்றதுக்கா? சொந்தப் பண்டத்துல நீயே அழுக்குப் பூசிக் காட்டற. எடுத்துரு. அப்பறம் ரெண்டே நொடியில நிக்குதே, அதும் நல்லால்ல. கேபிளப் புடுங்கினாலும் ஓடணும். அதைக் காட்டினா அசந்துருவானுங்க.”

“எவ்வளவு நேரத்துக்குங்க?”

“நிக்கவே வேண்டாம்.”

இருபது நிமிட வேலை. ஹாலில் இருந்த இரண்டு கணினிகளுக்கு மட்டும் அதை அனுப்பியிருக்கலாம். அதற்கு அவற்றைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எல்லாம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினேன். நூற்று நாற்பது திரைகளிலிருந்தும் மஞ்சள் கோடு போனது.

மேகலாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீளமான விஷயம், மாலையில் வண்டியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பெரிய திரையில் யாரைக் காட்டுவது என்று கேட்டபோது மேகலா என்றேன். மென்பொருளுக்கு அவளைத்தான் நன்றாகத் தெரியும். மூன்றே முக்காலுக்கு ஹால் நிறைந்திருந்தது. நீலப் புடவையில், பத்திரங்களைப் புரட்டிக்கொண்டு, ஆளுயரத்துக்கு அவள். பழைய கட்டடத்துக்குப் போகும் கேபிளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுப் பிடுங்கினேன்.

படம் நிற்கவில்லை. அவள் பக்கம் திருப்பினாள். நெற்றி மயிரை ஒதுக்கினாள். பேனாவைத் தேடினாள். ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, பிறகு கைதட்டல். முதலாளி என் தோளில் கை வைத்தார்.

அவள் தலை நிமிர்ந்து, மணிக்கட்டைத் தட்டி, கையை விரித்தாள்.

“அந்தம்மா என்னமோ சொல்றாங்களே?” என்றார் ஈரோட்டுக்காரர்.

“எப்ப வர்றன்னு கேக்கறாங்க. என் வீட்டுக்காரம்மா.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. “லைனே இல்லாம மெரட்டறாங்களே! போங்க சார், போயிட்டு வந்திருங்க” என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

ஒன்பது நிமிடம் கழித்துக் கேபிளைத் திரும்பச் சொருகினேன். அதற்குள் அங்கே கீழ்மாடியில் எங்கள் கம்பிகள் சேரும் பெட்டி உருகிப் போயிருந்தது. அது எனக்குத் தெரியாது. திரையில் மேகலா வேலை செய்துகொண்டிருந்தாள். இணைப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். டீ வந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெரிய திரையில் மேகலா தலை நிமிர்ந்து மணிக்கட்டைத் தட்டினாள்.

யாரோ புரொஜெக்டரை அணைத்தார்கள்.

மேலே இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் இறங்கி வராதவள். உடலில் தீக்காயம் எதுவும் இல்லை. புகைதான்.

டெமோவில் பெரிய திரையில் ஓடிய படத்தை மட்டும் முதலாளி பதிவு செய்து வைத்திருந்தார். விசாரணைக்கு அதைக் கொடுத்தார். “கேட்டா மட்டும் பதில் சொல்லு குமரேசு. நீயா எதையும் எடுத்துக் குடுக்காத” என்றார். அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. “இது அன்னிக்கு, அந்த நேரத்துல எடுத்த படம்தானே?” ஆமாம் என்றேன். பொய் இல்லை. அன்றுதான், அந்த நேரத்தில்தான், அந்த ஹாலில்தான் எடுத்தது. படத்தில் துளசிமணி அக்கா வரவே இல்லை. திரையில் நான் இருந்ததாக அவர் சொன்னதும் அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எங்கே இருந்தேன் என்பதற்கு முப்பது பேர் இருந்தார்கள்.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. துளசிமணி ஓடிப்போனாள் என்று இருக்கும்வரை எனக்குக் கோபப்பட ஓர் ஆள் இருந்தது. கோபம் இருந்தால் காலையில் எழுந்து பல் துலக்க முடிகிறது.

இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன். என் மேசைக் கணினியை மட்டும் கேட்டேன். முதலாளி தலையசைத்தார். ஜன்னலை இப்போது எழுபது அலுவலகங்களில் வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மலிவு. பழைய கம்பிகளிலும் ஓடும். மீட்டிங்கில் எழுந்து டீக்குப் போய்விட்டு வந்தாலும் திரையில் தலையாட்டிக்கொண்டே இருக்கிறதாம். ஆட்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேட்டுக் கொக்கியின் சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தான் மேகலாவிடம் போகவே இல்லையோ என்று அவருக்கே சந்தேகமாக இருக்கிறதாம். ஒரு மனுஷியின் நினைவையே அவளிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

பீரோவைத் திறந்தேன். டிஸ்க்கை எடுத்து, என் பழைய கணினியில் மாட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். பதினொரு மாதத்தில் முதல் தடவை.

அனுப்ப முடியாமல் போன படத்தை ஜன்னல் தூக்கி எறியாது. வரிசையில் வைத்துக்கொண்டு, பாதை கிடைத்ததும் அனுப்பும். வாங்குபவரின் திரையில் தான் என்ன வரைந்தது என்பதையும் ஓரத்தில் குறித்து வைக்கும். பிழை வந்தால் கண்டுபிடிக்க நான் செய்த ஏற்பாடு.

மேகலா வந்தாள். நீலப் புடவை. மூலையில் சிறிய கட்டத்தில் நான். நான் அல்லாத நான்.

சிவப்பு விளக்கு சுழன்றது. அவள் என் பக்கம் திரும்பினாள். புருவத்தை உயர்த்தினாள். மூலையில் இருந்தவன் உள்ளங்கையைக் கீழே அமர்த்தி, விரலை நெஞ்சுக்கு இழுத்தான். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள்.

துளசிமணி அக்கா வந்தார். தோளைத் தொட்டார். கையைப் பிடித்து இழுத்தார். மேகலா சிரித்தாள், மூலையைக் காட்டினாள். அவர் வர்றார். நீங்க போங்க. அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். அவர் முகம் மிக அருகில் வந்தது. என்னைத்தான் பார்க்கிறார். நான் அவருக்கும் அதையே சொன்னேன். கதவுவரை போய், நின்று, திரும்பிப் பார்த்தார். மறுபடியும் கையசைத்துக் கூப்பிட்டார். மேகலா போகச் சொன்னாள். அவர் போனார்.

எல்லாமே அவர் சொன்னபடிதான். ஒரு சொல்கூட மிகை இல்லை.

கதவிடுக்கில் புகை தெரிந்தபோது மேகலா எழுந்தாள். வேகமாகக் கேட்டாள். என்ன ஆச்சு? இரு, வர்றேன். போய்க் கதவைத் திறந்தாள். கரும்புகை அறைக்குள் விழுந்தது. சாத்திவிட்டு ஓடிவந்தாள். புகை, என்றாள். அந்தச் சைகையை அதற்குமுன் அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மூலையில் இருந்தவனின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வேலை நடுவே தொந்தரவு செய்யப்பட்டவனின் அந்தச் சின்னப் புன்னகையோடு, எதைக் கேட்டாலும் நான் செய்வதுபோல, கையை மட்டும் உயர்த்தினான். என்னிடம் அப்படி ஒரு புன்னகை இருப்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எப்ப வர்ற?

இரு, வர்றேன்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் பேசினாள். எங்க இருக்க? இரு, வர்றேன். பயமா இருக்கு. இரு, வர்றேன். படத்தில் சாம்பல் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு ஸ்பீக்கரில் ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். அவள் குரல். நான்கு வருடங்களில் மூன்று முறை கேட்டிருப்பேன், மூன்றும் தூக்கத்தில். தொண்டையைத் திறந்து, திரையை நோக்கி, என் பெயரின் முதல் எழுத்தை அவள் கூப்பிட்டாள். கு. கு. காது கேட்பவன் நான்தானே. அதனால் குரலால் கூப்பிட்டிருக்கிறாள்.

மூலையில் இருந்தவன் கையை உயர்த்தினான்.

கருப்பாயிற்று. கருப்புக்குள் ஏதோ அசைந்தது. பிறகு அசையவில்லை.

அப்புறம் சட்டென்று வெளிச்சம். அறை சுத்தமாக இருந்தது. சுவர் வெள்ளை. நீலப் புடவையில் மேகலா பத்திரத்தைப் புரட்டினாள், நெற்றி மயிரை ஒதுக்கினாள். பிழைத்துவிட்டாள் என்று ஒரு கணம் மனம் துள்ளியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. பிறகுதான் புரிந்தது. வரிசை தீர்ந்துவிட்டது. இனி வரைவது என் கணினி.

படத்தைச் சுற்றி ஒரு கோடும் இல்லை. புகை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அவள் எங்கே முடிந்தாள் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

அவள் தலை நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். மணிக்கட்டைத் தட்டி, கையை விரித்தாள்.

எப்ப வர்ற?

இந்தக் கணினியின் கேமராவும் விழித்திருந்தது. என் கை தானாகவே எழுந்தது. உள்ளங்கை கீழே திரும்பியது. அதை இன்னொரு கையால் பிடித்து மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். இப்படியே நான் பதில் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நாளைக்கும் கேட்பாள். புதன்கிழமையும் கேட்பாள். புகை இல்லாத அந்த அறையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும். பதினொரு மாதமாக இந்த ஜன்னலைத் திறக்காமல் இருந்தது பயத்தால் என்று நினைத்திருந்தேன். ஆசையாலும்தான்.

கையை விடுவித்து, அவளுக்கு ஒருபோதும் சொல்லாததைச் சொன்னேன்.

காத்திருக்காதே. நான் வரமாட்டேன். கிளம்பு. கீழே போ.

படம் நின்றது. பாதி விரிந்த கை அப்படியே நின்றது. கண் இமைக்கவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். கிளம்பு. ஒன்றும் அசையவில்லை. நான்கு வருடத்தில் இந்த ஒன்றை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்காதபடி செய்திருந்தேன். ஆனால் இதைச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை.

கைப்பேசியை எடுத்துத் துளசிமணி அக்காவுக்கு அடித்தேன்.

“அக்கா, பஸ் ஏறிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க தம்பி. ஞாயித்துக்கெழமையில்ல, வண்டி கொறச்சல். எதுக்குங்க?”

பழக்கப்பட்ட இரண்டு சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினேன்.

“தம்பி? தம்பி, இருக்கீங்களா?”

டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கதவைப் பூட்டவில்லை, செருப்பும் போடவில்லை. அவர் பஸ் ஏறுவதற்குள் போக வேண்டும்.